சிரல் பறந்ததா? என் பழைய கட்டுரைக்கு நானே எழுதும் மறுப்பு

பத்து வருஷத்துக்கு முன்னால இதே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். சிலப்பதிகாரத்தில் ஒரு பறக்கும் இயந்திரம் இருக்கிறது என்பதுதான் விஷயம். மதுரைக் கோட்டை மதிலில் இருந்த கருவிகளில் ‘சிரல்’ என்று ஒன்று. சிரல் என்றால் மீன்கொத்திப் பறவை. அது எதிரி மேல் பறந்துபோய்க் கண்ணைக் கொத்தும் என்று உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரே சொல்லியிருக்கிறார். ஆகவே இது அந்தக் காலத்து ட்ரோன். இவ்வளவுதான் கட்டுரை. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். என் பெயர் கழன்றுபோய், வாழ்த்துப் படத்தோடு வாட்ஸ்அப்பில் எனக்கே மூணு தடவை திரும்பி வந்திருக்கிறது.

போன மாதம் என் பொண்ணு (ஒன்பதாவது படிக்கிறாள்) பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு அதையே எடுத்துக்கொண்டாள். கூடத்தில் நின்று சத்தமாகப் பேசிப் பார்த்தாள். எங்கப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். முட்டி போய்விட்டதால் தறியை விற்றாகிவிட்டது. கூடத்தில் தறி இருந்த குழியை மூடி டைல்ஸ் போட்டுவிட்டோம். அவள் நின்று பேசிய இடம் அந்தக் குழிக்கு மேல்தான்.

அவள் முடித்ததும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏம்மா, அது பறந்துபோய் கொத்துச்சுன்னு வச்சுக்கோ. திரும்பி வர்றதுக்கு என்ன வழி? ஒரு தடவை விட்டா போச்சா?”

அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் பதில் இல்லை. பேட்டரி, சிக்னல் என்று ட்ரோனைப் பற்றி ஏதோ சொன்னேன். “நாடா போனா திரும்பி வரணும்டா. வரலைன்னா அது நாடா இல்ல” என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. அன்று ராத்திரி புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

பட்டியல் எங்கே வருகிறது

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். மாலை நேரம். மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு கோட்டையைக் கடந்து தன் வீட்டுக்குப் போகிறாள். அந்த நடையின் வழியில்தான் மதிலின் கருவிகள் வருகின்றன. காவற்காடு, அகழி, தானாக வளைந்து எய்யும் வில், கருங்குரங்கு, கல் வீசும் கவண், கொதிக்கும் எண்ணெய், உருக்கும் உலை, கல்லிட்ட கூடை, தூண்டில், சங்கிலி, ஆண்டலை, துலாம், ஊசி, சிரல், பன்றி, கணையமரம் என்று ஒரே மூச்சில் போகிறது.

இது போர்க்களக் காட்சி இல்லை என்பதை என் பழைய கட்டுரையில் நான் சொல்லவே இல்லை. எந்தக் கருவியும் அங்கே இயங்கவில்லை. எல்லாம் சும்மா நிற்கின்றன. இரண்டு பெண்கள் அவற்றைக் கடந்து போகிறார்கள். வாசகனுக்குத் தெரியும், இவ்வளவு காவல் உள்ள ஊரிலும் கண்ணகிக்குக் காவல் கிடைக்கப்போவதில்லை என்று. அந்த இடத்துக்கு இந்தப் பட்டியல் எதற்கு என்று யோசிக்காமல், ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து ட்ரோன் ஆக்கினேன். முதல் தப்பு அதுதான்.

உரை என்ன சொல்கிறது, நான் என்ன சேர்த்தேன்

உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்தார். இந்தப் பட்டியலை நாம் எல்லாரும் அந்த உரை வழியாகத்தான் புரிந்துகொள்கிறோம். சிரலுக்கு அவர் தரும் விளக்கம் சின்னது: எதிரிகள் மேல் சென்று கண்ணைக் கொத்துகிற சிச்சிலிப் பொறி. சிச்சிலி என்பதும் மீன்கொத்திக்கு இன்னொரு பெயர்.

இப்போது என் கட்டுரையைப் பாருங்கள். “பறந்துபோய்க் கண்ணைக் கொத்தும்” என்று எழுதியிருக்கிறேன். உரையில் ‘சென்று’ இருக்கிறது, ‘பறந்து’ இல்லை. அந்த ஒரு சொல்லை நான்தான் சேர்த்தேன். வேண்டுமென்று சேர்க்கவில்லை. பறவை என்றதும் கை தானாகவே ‘பறந்து’ என்று தட்டிவிட்டது. ஆனால் அந்த ஒரு சொல்லின் மேல்தான் கட்டுரை முழுக்க நின்றது. புரொகிராமில் இப்படி ஒரு வரியைச் சேர்த்தால் உடனே எங்கேயாவது உடையும், நாமும் கண்டுபிடித்துவிடுவோம். கட்டுரையில் எதுவும் உடைவதில்லை, பகிர்வுதான் கூடுகிறது.

மூலத்துக்குப் போனால் இன்னும் சுருக்கம். சிரலுக்கு முன்னால் இரண்டே வினை: ‘சென்று’, ‘எறி’. எறிதல் என்றால் இன்றைக்கு நமக்கு வீசுவது. பழந்தமிழில் அடிப்பது, வெட்டுவது, குத்துவது எல்லாம் எறிதல்தான். ஆக மூலம் சொல்வது, போய்க் குத்துகிற சிரல். கண்ணும் இல்லை, கொத்தலும் இல்லை. கண் உரையாசிரியர் சேர்த்தது. சிறகு நான் சேர்த்தது. நாளைக்கு இன்னொருத்தர் கேமரா சேர்ப்பார்.

உரையாசிரியரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அவர் இல்லாவிட்டால் இந்தப் பட்டியலில் பாதி நமக்கு வெறும் ஒலி. ஆனால் அவர் முறையில் ஒரு போக்கு இருக்கிறது: விலங்கின் பெயர் வந்தால் அந்த விலங்கின் உருவம், அந்த உருவத்தின் உறுப்பு, அந்த உறுப்பு செய்யும் காயம். குரங்கு என்றால் பிடித்துக் கடிக்கும். பன்றி என்றால் இரும்பில் செய்தது, கொம்பால் உடம்பைக் கிழிக்கும். சிரல் என்றால் அலகு, ஆகவே கொத்தும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கிறது.

ஆண்டலை என்ற பறவையிடம் இந்த அச்சு கொஞ்சம் திணறுகிறது. மூலத்தில் அது தனியாக இல்லை, ‘அடுப்பு’ என்ற சொல்லோடு சேர்ந்து நிற்கிறது. பட்டியலில் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எண்ணெயும் உலையும் போயின. உரையோ, அந்தப் பறவை வடிவில் செய்து பறக்கவிட்டு உச்சந்தலையைக் கொத்தவைக்கும் பொறிகளின் வரிசை என்கிறது. பறவை கிடைத்துவிட்டது, நெருப்பு அணைந்துவிட்டது. கொதிக்கும் எண்ணெய் வைத்திருக்கும் மதிலில் ஆண்டலைத் தலை வைத்த ஒரு நிஜ அடுப்பு இருந்திருக்கக் கூடாதா? எனக்கு அதுதான் இயல்பாகத் தோன்றுகிறது.

ஏரிக்கரையில் பார்த்தது

சரி, சிரல் என்ன செய்யும்? நூலில் தேடுவதைவிடப் போய்ப் பார்ப்பது சுலபம். காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிக்குக் குறைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நம் பக்கம் சாதாரணமாகக் கண்ணில் படுவது மூன்று. கம்பி மேல் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி. அது மீனோடு பூச்சி, ஓணான் எல்லாம் பிடிக்கும். கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட மீன்கொத்தி. அது தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பிறகு செங்குத்தாக விழும். மூன்றாவது சிறுநீல மீன்கொத்தி, உள்ளங்கையில் அடங்கிவிடும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் நீலமணி போன்ற சிரல் இந்தச் சின்னதாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நாங்கள் பார்த்தது அந்தச் சின்னது. தண்ணீரில் நட்டிருந்த ஒரு குச்சி மேல் உட்கார்ந்திருந்தது. விழுந்தது, எழுந்தது, அதே குச்சிக்கு வந்தது. நாலு தடவை பார்த்தோம், நாலு தடவையும் அதே குச்சி. பொண்ணு சொன்னாள்: “அப்பா, இது பறக்கற மாதிரியே இல்ல. யாரோ நூல் கட்டி இழுக்கற மாதிரி இருக்கு.”

இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. ஆனால் இதே எண்ணம் ஏற்கெனவே ஒரு சங்கப் புலவருக்கு வந்திருக்கிறது.

ஊசியும் சிரலும்

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து பரணர் பாடியது. பாட்டுடைத் தலைவன் கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன். அதில் 42ஆம் பாட்டில் போரில் புண்பட்ட வீரர்கள் வருகிறார்கள். காயத்தை ஊசியால் தைத்திருக்கிறார்கள். தைக்கும் ஊசிக்குப் பரணர் சொல்லும் உவமை என்ன தெரியுமா? குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழுகிற சிரல். வெள்ளை ஊசி சதைக்குள் போகிறது, வெளியே வருகிறது, மறுபடி போகிறது. மீன்கொத்தி தண்ணீருக்குள் போய் வருவது மாதிரி. பின்னால் நூல். பொண்ணு சொன்ன அதே நூல்.

இந்த உவமையில் உருவ ஒற்றுமை ரொம்பக் குறைவு. பறவை நீலம், ஊசி வெள்ளை. பறவைக்குச் சிறகு உண்டு, ஊசிக்குக் கிடையாது. ஒற்றுமை முழுக்க இயக்கத்தில்தான்: போய், குத்தி, திரும்பி வருவது.

இப்போது அடைக்கலக் காதைப் பட்டியலுக்குத் திரும்பி வாருங்கள். சிரலுக்கு முன்னால் எந்தக் கருவி நிற்கிறது? ஊசி. பக்கத்தில் பக்கத்தில். அந்த ஊசிக்கு அடையாக வருவது ‘பெயர்’ என்ற வினை. பதிற்றுப்பத்து உவமையிலும் சிரலோடு வருவது அதே ‘பெயர்’தான். சிரல், பெயர், ஊசி: மூன்று சொல்லும் இரண்டு இடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதிலும் ஒன்று செங்குட்டுவனைப் பாடிய பாட்டு; மற்றொன்று செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுப்பதில் போய் முடிகிற காப்பியம்.

இதை வைத்து இளங்கோ பரணரைப் படித்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த நான் சொல்லியிருப்பான். நான் சொல்வது இவ்வளவுதான்: சிரல் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் காலத்துக் காதுக்கு முதலில் தோன்றியது சிறகோ கண்ணைக் கொத்துவதோ அல்ல, போய்த் திரும்பும் குத்தாக இருந்திருக்கலாம். அதற்குச் சங்கப் பாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பறக்கும் சிரல் இயந்திரத்துக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை.

பெயர் எங்கிருந்து வருகிறது

கருவிக்கு உயிரினத்தின் பெயர் வைப்பது உலகம் முழுக்க உண்டு. ஆனால் எதை வைத்து என்பது ஒவ்வொன்றிலும் மாறும்.

சிலது உருவத்தால். 1968இல் எங்கெல்பார்ட் மேடையில் காட்டிய ‘மவுஸ்’ ஒரு மரப்பெட்டி, வால் மாதிரி ஒரு ஒயர். அது எலி மாதிரி எதையும் கொறிக்காது. சிலது வேலையால். வீணையில் தந்தியைத் தாங்கும் பாலத்துக்குக் குதிரை என்று பெயர். அது ஓடாது, சுமக்கும். சிலது இயக்கத்தால். கிட்டிப்புள்ளில் புள் என்பது ரெண்டு பக்கமும் சீவிய ஒரு சின்னக் குச்சி. அலகும் கிடையாது, சிறகும் கிடையாது. அடித்தால் எழும்பும், அதனால் புள். பெட்டியும் பையுமாக விமானத்தில் அடிக்கடி போய்வந்து சரக்கு கடத்துபவரைச் சென்னையில் குருவி என்கிறார்கள். அதுவும் போக்குவரத்தால் வந்த பெயர்தான்.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை. விடியற்காலையில் தெருவில் நின்று “கருடன் வந்துடுச்சா?” என்று கேட்கிறோம். வருவது மரமும் தகடும் கொண்ட வாகனம், ஆட்கள் தோளில் வருகிறது. வடிவம் பறவை, பெயர் பறவை, ஆனால் அது பறந்து வருகிறது என்று யாரும் நினைப்பதில்லை. ஆயிரம் வருஷம் கழித்து ஒருத்தர் நம் பேச்சை மட்டும் படித்தால் என்ன முடிவுக்கு வருவார்? என்னைப் போன்ற ஆளாக இருந்தால், காஞ்சியில் விமான சேவை இருந்தது என்பார்.

பட்டுச் சேலைக்கு வாருங்கள். மயில்கண், குயில்கண் என்று கரையில் போடும் வேலைப்பாடுகள். மயில்கண்ணில் மயிலைத் தேடினால் கிடைக்காது. ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பக்கத்திலேயே அன்னப்பட்சி என்று இன்னொன்று. அதில் நிஜமாகவே அன்னம் இருக்கும், கழுத்தும் வாலுமாக. ஒரே சேலையில் ஒரு பெயர் உருவம் முழுவதையும் காட்டுகிறது, இன்னொரு பெயர் ஒரு இறகின் ஒரு புள்ளியை மட்டும் காட்டுகிறது. பெயரை மட்டும் வைத்து எது எப்படி என்று சொல்ல முடியாது. பொருளைப் பார்த்தால்தான் தெரியும். சிரல் விஷயத்தில் பொருள் நம்மிடம் இல்லை, பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

நெசவிலேயே இன்னொரு உதாரணம் இங்கிலாந்தில். 1733இல் ஜான் கே கொண்டுவந்த விசைநாடாவை அங்கே ‘பறக்கும் நாடா’ என்றுதான் சொன்னார்கள். கயிற்றைச் சுண்டினால் நாடா பலகை மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். பலகையை விட்டு ஒரு அங்குலம் எழும்பாது. ‘பறக்கும்’ என்று பெயரிலேயே இருந்தும் பறக்காத கருவி அது. நம் சிரலுக்கோ பெயரில் கூட ‘பறக்கும்’ கிடையாது.

நேர் எதிரான உதாரணமும் உண்டு. ஜப்பானில் 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை புல்லட் ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போனது. அவ்வளவு வேகத்தில் சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது உள்ளே காற்று அழுந்தி, மறுமுனையில் வெடி மாதிரி சத்தம் வரும். பறவைகளைக் கவனிக்கும் பழக்கமுள்ள நக்கட்சு என்ற பொறியாளரின் குழு, மீன்கொத்தி அதிகம் தெறிக்காமல் தண்ணீருக்குள் இறங்குவதை முன்மாதிரியாக வைத்து ரயிலின் மூக்கை நீளமாக வடிவமைத்தது. அங்கே மீன்கொத்தியின் உருவத்தை எடுத்துக்கொண்டார்கள், பெயரை எடுக்கவில்லை. மதுரை மதிலில் பெயர் மட்டும் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது என் கட்டுரை.

அண்டங்காக்கையும் பஞ்சுப் பன்றியும்

போர்க்கருவிக்கு வருவோம். கி.மு. 260இல் மைலே கடற்போரில் ரோமானியர்கள் கார்த்தேஜ் கப்பல்களுக்கு எதிராக ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். அதன் பெயர் அண்டங்காக்கை: லத்தீனில் கார்வஸ், கிரேக்கத்தில் கோரக்ஸ். பாலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் அளவோடு எழுதி வைத்திருக்கிறார். 4 அடி அகலம், 36 அடி நீளமுள்ள ஒரு பலகைப் பாலம். கப்பல் முனையில் ஒரு கம்பத்தில் தூக்கி நிறுத்தியிருக்கும். முனையில் அலகு மாதிரி ஒரு இரும்பு முள். எதிரிக் கப்பல் பக்கத்தில் வந்ததும் கயிற்றை விட்டால் பாலம் தடாலென்று விழும், முள் எதிரியின் மேல்தளத்தில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், வீரர்கள் அதன் மேல் ஓடிப்போய்ச் சண்டை போடுவார்கள். பாலிபியஸ் எழுதாமல் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால், ரோமானியர்கள் இயந்திரக் காக்கை பறக்கவிட்டார்கள் என்று யாராவது ஒருவர் எழுதியிருப்பார்.

இந்தியாவுக்குள்ளேயே ஒரு சாட்சி உண்டு. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் பகுதியில் ஆயுதசாலைக் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. நிலையாக நிற்பவை, நகர்பவை என்று பிரித்திருக்கிறார்கள். நகர்பவற்றில் ஒன்று ‘சூகரிகா’, அதாவது பன்றி. சிலப்பதிகாரப் பன்றிக்கு இது சொந்தக்காரன் மாதிரி தெரிகிறது. ஆனால் அங்கே உரைகள் தரும் விளக்கம் கொம்போ இரும்போ இல்லை. பஞ்சோ கம்பளியோ அடைத்த பெரிய தோல்மூட்டை. எதிரி வீசும் கல்லிலிருந்து மதிலைக் காப்பாற்ற வைப்பது. உப்பலாக, தோலாக இருப்பதால் பன்றி. மதுரைப் பன்றியும் மூட்டைதான் என்று சொல்ல வரவில்லை. ஒரே பெயர் ஒரு நாட்டில் கிழிக்கும் இரும்பாகவும் தாங்கும் மூட்டையாகவும் இருக்கும்போது, பெயரிலிருந்து வேலையை ஊகிப்பது எவ்வளவு வழுக்கும் தரை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் சிரல் என்ன?

என் ஊகத்தைச் சொல்கிறேன். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் முன்பு ஏற்றம் இருந்தது. நடுவில் அச்சில் நிற்கும் நீளமான மரம், ஒரு முனையில் சால். ஆள் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். சால் தண்ணீருக்குள் இறங்கும், நிறைந்து மேலே வரும், மறுபடி இறங்கும். மீன்கொத்தி மாதிரியே. தோட்டத்தில் ஒரே ஆள் இழுக்கும் சின்னத் துலாவில், மறுமுனையில் கல் கட்டியிருந்தால் இறக்குவதுதான் வேலை, ஏறுவது தானாக நடக்கும்.

இதே அமைப்பைச் சாலுக்குப் பதில் கூர்முனை வைத்து மதில் மேல் நிறுத்துங்கள். ஏணி வைத்து ஏறுகிறவன் மேல் பாயும், குத்தும், எடைக்கல்லால் தன் இடத்துக்குத் திரும்பும். அடுத்த ஆளுக்குத் தயார். பட்டியலில் சிரலுக்குச் சற்று முன்னால் துலாம் ஒன்றும் இருப்பதை மறக்க வேண்டாம்; துலாத் தத்துவம் அந்த மதிலுக்குப் புதுசு இல்லை. சென்று எறிகிற இரண்டு வினையும் இதற்குப் பொருந்தும். அப்பாவின் கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. விட்டால் போகிற அம்புக்கும் கல்லுக்கும் பட்டியலில் வேறு பெயர்கள் இருக்கின்றன. போய்த் திரும்பி வருவதற்கு ஒரு பறவைப் பெயர் தேவைப்பட்டால், எழுந்த குச்சிக்கே திரும்பி வரும் பறவையைவிடப் பொருத்தமான பெயர் எது?

எதிர்வாதமும் இருக்கிறது

என் ஊகத்துக்கு எதிரான சாட்சியை மறைத்தால் இது இரண்டாவது பிழைக் கட்டுரை ஆகிவிடும்.

பறக்கும் பறவை இயந்திரம் என்ற கற்பனை தமிழில் நிச்சயம் இருந்தது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் கர்ப்பிணி மனைவி விசயைக்காக ஒரு மயில் இயந்திரம் செய்யச் சொல்கிறான். விசயை அதை ஓட்டப் பழகுகிறாள். வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்து மேலே போகும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். கட்டியங்காரன் சூழ்ச்சி செய்த நாளில் அவள் அதில் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள், அங்கே சீவகன் பிறக்கிறான். அதே காப்பியத்தின் நாமகள் இலம்பகத்தில் வரும் மதில் கருவிகளிலும் கொக்கு, கூகை என்று பறவைப் பெயர்கள் உண்டு. ஆகவே அடியார்க்கு நல்லார் பறவைப் பெயரைக் கண்டு பறவை வடிவத்தை நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆண்டலையைப் பறக்கவிட்டதிலும் ஆச்சரியம் இல்லை.

ஆனால் திருத்தக்க தேவர் பறக்கும் இயந்திரம் வேண்டும் என்றபோது என்ன செய்தார்? யார் செய்தது, யார் ஓட்டப் பழகியது, எந்தப் பக்கம் திருகினால் என்ன ஆகும், எங்கே இறங்கியது எல்லாவற்றையும் சொன்னார். பறத்தல் ஒரு அதிசயம், அதிசயத்தைக் கவிஞன் சும்மா தாண்டிப் போக மாட்டான். அடைக்கலக் காதையில் சிரலுக்குக் கிடைத்தது இரண்டு வினை. கல்லிட்ட கூடைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் இதுவும் ஒரு சாமான்.

‘பொறி’ என்ற இன்னொரு சொல்

இந்த விவகாரத்தில் சிரலைவிட என்னை அதிகம் ஏமாற்றியது ‘பொறி’. நான் படித்தது பி.இ., பொறியியல். பொறி என்றால் எனக்கு மெஷின். ஆனால் பறவைக்கும் இயந்திரத்துக்கும் பொதுவான சொல் இதுவும்தான். மயிலின் உடம்பில் இருக்கும் புள்ளி பொறி. நெருப்பிலிருந்து தெறிப்பது பொறி. கண் காது மூக்கு எல்லாம் பொறி. எலி மாட்டுவது பொறி. அரசனின் முத்திரை பொறி, கல்லில் வெட்டுவது பொறித்தல். குறளில் ஐம்புலனுக்கும் வருகிறது, 618ஆம் குறளில் அதே சொல்லுக்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் கொள்கிறார்.

சங்கப் பாட்டில் பொறிமயில் என்றால் புள்ளிமயில். சிந்தாமணி மயிலிலோ விசயை கையால் திருகுவது பொறி. ஒரு மயிலுக்குத் தோலின் மேல் பொறி, இன்னொரு மயிலுக்கு வயிற்றுக்குள் பொறி. சொல் ஒன்று, பறவை ஒன்று, நடுவில் பல நூற்றாண்டு. பழைய நூலில் ‘பொறி’ என்று பார்த்ததும் மெஷின் என்று ஓடுகிற பழக்கம் என் பட்டத்திலிருந்து வந்தது, தமிழிலிருந்து வந்தது இல்லை.

கடைசியாக

“இப்படியே எல்லாத்தையும் வெட்டிட்டுப் போனா நமக்குன்னு பெருமை என்ன மிஞ்சும்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு மிஞ்சியதைச் சொல்கிறேன். போரில் கிழிந்த உடம்பை ஊசி நூலால் தைத்திருக்கிறார்கள். அந்த ஊசியின் அசைவைக் கவனித்து, குளத்து மீன்கொத்தியின் அசைவோடு ஒப்பிட ஒரு ஆள் இருந்திருக்கிறார். இது பாட்டிலேயே இருக்கிறது, நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ட்ரோன் கதைக்குச் சிறகு நான் ஒட்டினேன், ஒட்டியது ஒரு கேள்வியில் விழுந்துவிட்டது.

பழைய கட்டுரையை அழிக்கவில்லை. மேலே ஒரு குறிப்புப் போட்டு இதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றுவதை என்னால் நிறுத்த முடியாது. உங்களுக்கு வந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.

பொண்ணு போட்டிக்குத் தலைப்பை மாற்றிக்கொண்டாள். ட்ரோனை எடுத்துவிட்டு ஊசியையும் மீன்கொத்தியையும் வைத்துப் பேசினாள். பரிசு கிடைக்கவில்லை. போட்டிக்கு முன்னால் கூடத்தில் மறுபடி பேசிக் காட்டினாள், தாத்தா கேட்டார். முடிந்ததும், “ம், இப்ப திரும்பி வருது” என்றார்.